மார்க்கர் போட்டும் கணக்கு தப்புகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"அக்கா, மார்க்கர் போட்டுத்தான் பின்னினேன், அப்பவும் ரெண்டு கண்ணி கூடிப்போச்சு." பின்னல் பையோடு வந்து நிற்பவர்கள் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். (மார்க்கர் என்பது ஸ்வெட்டர் பின்னும்போது இடத்தை அடையாளம் காட்டப் போடும் சின்ன வளையம் அல்லது ஊக்கு. கண்ணி என்பது ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் சுருக்கு.) வரும்போதே பாதி பிரித்துவிட்டும் வருவார்கள். அதுதான் வருத்தம். மார்க்கர் சம்பந்தப்பட்ட சிக்கலில் பெரும்பாலும் ஒரு வரிசையைக்கூடப் பிரிக்க வேண்டியிருக்காது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் மார்க்கர் ஊசியில் இருக்கிறதா, கண்ணியில் இருக்கிறதா?

ஊசியில் கோத்த வளையம் இரண்டு கண்ணிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் இடது ஊசியிலிருந்து வலது ஊசிக்கு அதை நகர்த்துகிறோம், அதனால் பின்னலோடு மேலே ஏறிக்கொண்டே வரும். ஊக்கு மாதிரித் திறந்து மூடுகிற பூட்டு மார்க்கரைக் கண்ணியிலேயே மாட்டினால், மாட்டிய இடத்திலேயே நிற்கும். வளையம் இடத்தைக் காட்டும். பூட்டு மார்க்கர் நடந்ததைக் காட்டும். முக்கால்வாசித் தகராறு, ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுப்பதால் வருவது.

கீழே உதாரணங்களுக்குக் கழுத்திலிருந்து கீழ்நோக்கிச் சுற்றாகப் பின்னும் ராக்லன் ஸ்வெட்டரை (கையும் உடம்பும் கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்ந்த கோட்டில் சேரும் வகை) எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 72 கண்ணி: முதுகு 24, ஒரு கை 12, முன்பக்கம் 24, மறு கை 12. நான்கு எல்லைக்கும் நான்கு வளையம். அதில் சுற்று தொடங்கும் இடத்து வளையம் மட்டும் வேறு நிறம்.

## அறிகுறி: இரண்டு மார்க்கருக்கு நடுவே எண்ணிக்கை சரியில்லை

அடிக்கடி வருவதும் அவசரப்பட்டுப் பிரிக்கப்படுவதும் இதுதான். கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள், நடுவில் தாவ வேண்டாம்.

மறுபடி எண்ணுங்கள். இரண்டிரண்டாக, ஊசி நுனியால் தள்ளித் தள்ளி, ஒரு பகுதியை மட்டும் எண்ணுங்கள். மொத்தத்தை ஒரே மூச்சில் எண்ண வேண்டாம். 72-ஐ எண்ணும்போது நடுவில் யாராவது கூப்பிட்டால் போச்சு. 12-ஐ எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் கவலையில்லை.

ஒரு பகுதியில் ஒன்று கூடுதல், பக்கத்துப் பகுதியில் ஒன்று குறைவு என்றால் கண்ணி எதுவும் தப்பவில்லை. மார்க்கர்தான் ஒரு கண்ணி தள்ளி உட்கார்ந்திருக்கிறது. முதுகு 25, கை 11 என்று வந்தால் வளையத்தை எடுத்து ஒரு கண்ணி நகர்த்திப் போட்டுவிட்டுப் பின்னலைத் தொடரலாம். ஆனால் எத்தனை சுற்றாக அது தப்பான இடத்தில் இருந்தது என்று கீழே பாருங்கள். ராக்லன் கோடு நேராக ஏறி வந்து கடைசியில் மட்டும் ஒரு கண்ணி விலகியிருந்தால், ஒரு கூட்டல்தான் இடம் மாறியிருக்கிறது. அது போட்டுக்கொள்ளும்போது யார் கண்ணுக்கும் தெரியாது.

எல்லாப் பகுதியிலும் ஒரே அளவு தப்பு என்றால் பின்னியதில் பிழை இல்லை, நீங்கள் நிற்கும் சுற்று வேறு. ராக்லனில் ஒரு சுற்று கண்ணி கூட்டுவோம், அடுத்த சுற்று வெறுமனே பின்னுவோம். கூட்டும் சுற்றில் எல்லைக்கு இரண்டாக மொத்தம் 8 கண்ணி கூடும். ஆறு முறை கூட்டியபின் மொத்தம் 120 இருக்க வேண்டும்: முதுகும் முன்பக்கமும் 36, கைகள் 24. உங்களிடம் 38, 26 என்று இருந்தால் ஏழாவது கூட்டலையும் முடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். குறிப்பு நோட்டைத் திருத்துங்கள், பின்னலை விட்டுவிடுங்கள்.

ஒரே பகுதியில் ஒன்று குறைவு, மற்றவை சரி என்றால் கடைசிக் கூட்டும் சுற்றில் அந்த எல்லையில் கூட்டாமல் போயிருப்பீர்கள். மார்க்கருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் புதிதாக முளைத்த கண்ணி இருக்கும், மறுபக்கம் இருக்காது. இரண்டு கண்ணிக்கு நடுவே கிடக்கும் குறுக்கு நூலை ஊசியால் தூக்கி, முறுக்கிப் பின்னிவிட்டால் முடிந்தது. ஒரு சுற்று தாமதமாக முளைத்த கண்ணி, அவ்வளவுதான். கூட்டலே இல்லாத இடத்தில் குறைந்திருந்தால் கண்ணி நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். நழுவியிருந்தால் ஒரு பூட்டு மார்க்கரை அந்தக் கண்ணியில் உடனே மாட்டுங்கள், மேலும் இறங்காது. அப்புறம் நிதானமாகக் குரோஷே ஊசியால் ஏற்றிக்கொள்ளலாம். நழுவியதும் இல்லையென்றால், எங்கோ இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னியிருப்பீர்கள். ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் கண்ணியைத் தேடுங்கள்.

ஒரே பகுதியில் ஒன்று கூடுதல் என்றால் மூன்று சந்தேகம். ஒன்று, நூல் பிரிந்து ஒரே கண்ணி இரண்டாகத் தெரிவது. இளக்கமாக முறுக்கிய அக்ரிலிக் நூலில் இது சகஜம். இரண்டு, நிட்டிலிருந்து (நேர்ப் பின்னல்) பர்லுக்கு (மறுபுறப் பின்னல்) மாறும்போது நூலை ஊசிக்கு மேலாகக் கொண்டுபோய்விட்டு, தெரியாமல் ஒரு யார்ன் ஓவர் போட்டிருப்பது. அதன் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதை ஊசியிலிருந்து நழுவவிட்டு, நூலைப் பக்கத்துக் கண்ணிகளுக்குப் பரப்பிவிடுங்கள். மூன்று, சுற்றாக இல்லாமல் திருப்பித் திருப்பிப் பின்னுகிறவர்களுக்கு மட்டும்: வரிசையின் முதல் கண்ணியில் நூலை ஊசிக்கு மேலே இழுத்துவிட்டால், அந்தக் கண்ணி இரண்டு காலோடு நின்று இரண்டு கண்ணியாக எண்ணப்படும். புதிதாகக் கற்கிறவர்களின் மஃப்ளர் மேலே போகப் போக அகலமாவது இதனால்தான். ஓரத்து இரண்டு கண்ணிக்கு அப்புறம் ஒரு வளையம் போட்டுவைத்தால் அடுத்த வரிசையிலேயே பிடிபடும்.

கூட்டல் சரியாக இருந்தும் ராக்லன் கோட்டில் துளையோ இறுக்கமோ தெரிந்தால் மார்க்கரை ஒட்டியே இரண்டு பக்கமும் கூட்டுகிறீர்கள். மார்க்கருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிடப்பது ஒரே குறுக்கு நூல். அதையே இரண்டு முறை தூக்கினால் அது தாங்காது. மார்க்கருக்கு ஒரு கண்ணி முன்னால் நிறுத்திக் கூட்டுங்கள், ஒரு கண்ணி பின்னுங்கள், மார்க்கரை நகர்த்துங்கள், மறுபடி ஒரு கண்ணி பின்னுங்கள், கூட்டுங்கள். நடுவில் இரண்டு கண்ணி சுத்தமாக ஓடும்.

பிழை மூன்று நான்கு வரிசைக்குக் கீழே ஒரே பகுதியில் இருக்கிறதென்று தெரிந்தால், அந்தப் பகுதியின் கண்ணிகளை மட்டும் நழுவவிட்டு ஏற்றலாம். மற்ற மூன்று பகுதியும் ஊசியிலேயே இருக்கட்டும். மார்க்கரால் கிடைக்கும் பெரிய லாபமே இதுதான். அப்படி ஏற்றிப் பழக்கமில்லாதவர் முதல் தடவையே ஸ்வெட்டரில் செய்து பார்க்க வேண்டாம். நன்றாகப் பின்னத் தெரிந்த ஒருவரை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கூட்டல் கழித்தல் இரண்டும் கலந்த பகுதி என்றால் அவரிடமே கொடுத்துவிடுவது நல்லது.

## அறிகுறி: துளைப் பின்னலில் மார்க்கர் தானாக இடம் மாறுகிறது

லேஸ் சால்வை பின்னுகிறவர்களுக்கு மட்டும் வரும் தலைவலி. ஓரத்துக்கு மூன்று மூன்று கண்ணி, நடுவில் 12 கண்ணி கொண்ட கோலம் ஐந்து முறை, ஆக 66 கண்ணி, 6 வளையம் என்று வைத்துக்கொள்வோம். கோலம் சரி, கை சரி, ஆனால் மூன்றாவது கோலத்தில் 13-ம் நான்காவதில் 11-ம் வருகிறது.

முதல் சந்தேகம் யார்ன் ஓவர். அது கண்ணியே அல்ல, ஊசி மேல் தொங்கும் தளர்ந்த நூல். வளையம் அதை ஒட்டியிருந்தால் அதன் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். பின்னிக்கொண்டிருக்கும்போதே போகும், பையில் சுருட்டி வைத்து எடுத்தாலும் போகும். வளையத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். யார்ன் ஓவரும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தால் அடியில் மாட்டியிருக்கிறது. எடுத்துச் சரியான பக்கம் போடுங்கள். எது சரியான பக்கம் என்பதற்குக் கோலத்தைக் கட்டம் கட்டமாகக் காட்டும் வரைபடத்தில் ஒவ்வொரு வரிசையின் முதல் கட்டத்தைப் பாருங்கள். அது துளை என்றால் துளை மார்க்கருக்குப் பிறகு வர வேண்டும். திரும்பி வரும் வெறும் பர்ல் வரிசையில் ஒவ்வொரு மார்க்கரிலும் 12 என்று எண்ணிக்கொண்டே வந்தால் பிழை அந்த வரிசையைத் தாண்டாது.

இரண்டாவது, மார்க்கரைத் தாண்டிச் செய்யும் குறைப்பு. மூன்று கண்ணியை ஒன்றாக்கும் இடத்தில், ஒரு கண்ணி மார்க்கருக்கு முன்னும் இரண்டு பின்னும் இருந்தால் மார்க்கர் வழியை மறிக்கும். அதை எடுங்கள், மூன்றையும் ஒன்றாக்குங்கள், வரைபடம் காட்டும் பக்கம் மறுபடி போடுங்கள். அந்த வரிசையில் ஒரு மார்க்கர் நகர்ந்தால் கோலத்துக்கு நடுவே உள்ள எல்லா மார்க்கரும் அதே திசையில் ஒரு கண்ணி நகர வேண்டும். ஒன்றை நகர்த்தி மற்றதை விட்டுவிடுவதில்தான் 13-ம் 11-ம் பிறக்கிறது. முக்கோணச் சால்வையின் நடுத்தண்டு போல ஒரே கண்ணி எப்போதும் நடுவில் நிற்கிற வடிவத்தில் வளையமே வேண்டாம். அந்த நடுக்கண்ணியிலேயே பூட்டு மார்க்கரை மாட்டி, சில வரிசைக்கு ஒரு முறை மேலே ஏற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எடை. மணியும் குஞ்சலமும் தொங்கும் அலங்கார மார்க்கர் மெல்லிய நூலுக்கு ஆகாது. ஆடும்போதே யார்ன் ஓவரை இழுத்துக்கொண்டு போகும். பார்க்க அழகாக இருக்கிறதென்று பரிசாகக் கொடுக்கிறார்கள். கெட்டி ஸ்வெட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லேஸில் லைஃப்லைன் (பிரிக்க நேர்ந்தால் அதற்குக் கீழே அவிழாமல் இருக்க ஒரு வரிசைக் கண்ணிகளுக்குள் ஓட்டும் தனி நூல்) ஓட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணிகளுக்குள் நூலை ஓட்டும்போது வளையத்துக்குள்ளும் ஓட்டிவிட்டால், அந்த வளையம் அங்கேயே தைக்கப்பட்டுவிடும். அடுத்த வரிசைக்கு ஏறாது. தையல் ஊசியால் ஓட்டுகிறவர்கள் வளையத்தைச் சுற்றிப் போகலாம். சில சர்குலர் ஊசிகளில் (இரண்டு முனையை ஒரு வயர் சேர்க்கும் ஊசி) முனை திருகும் இடத்தில் ஒரு சிறு துளை இருக்கும், அதில் நூலைக் கட்டினால் பின்னப் பின்னத் தானாக ஓடும். அதற்கு மார்க்கர் எது, கண்ணி எது என்று தெரியாது. அந்த வரிசைக்கு முன்னால் வளையங்களை எடுத்துவிட்டுப் பூட்டு மார்க்கர்களை மாட்டுங்கள். நூல் உள்ளே போனாலும் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

## அறிகுறி: மார்க்கருக்கு நேர் கீழே ஏணி மாதிரி இடைவெளி

முதலில் இது ஏணியா, நழுவிய கண்ணியா என்று பாருங்கள். இடைவெளியின் அடிவரைக்கும் விரலை ஓட்டுங்கள். அடியில் தனியாக ஒரு கண்ணி தொங்கினால் அது நழுவிய கண்ணி. குரோஷே ஊசியால் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். அடியில் எதுவும் இல்லாமல் குறுக்கு நூல் மட்டும் நீளமாகக் கிடந்தால் அது வெறும் தளர்ச்சி.

தளர்ச்சிக்கு மலிவான மருந்து மார்க்கரை மாற்றுவது. தடித்த பிளாஸ்டிக் வளையம் இரண்டு கண்ணியை விலக்கித்தான் வைக்கும். வேறு நிற நூலில் ஒரு துண்டு வெட்டி முடிச்சுப் போட்டு வளையமாகப் பயன்படுத்துங்கள். காசும் இல்லை, தடிமனும் இல்லை. நல்ல மார்க்கர் வாங்கி வைத்திருந்தாலும் ராக்லனுக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன்.

மாற்றியும் ஏணி வந்தால் கையைப் பாருங்கள். மார்க்கரைத் தாண்டியதும் முதல் கண்ணியை இழுத்து இறுக்குவது எல்லோரும் செய்வது. இரண்டாவது கண்ணியைப் பின்னும்போதும் ஒரு இழுப்பு கொடுங்கள். முதல் கண்ணி உண்மையில் இறுகுவது அப்போதுதான். நான்கைந்து ஊசியில் சுற்றாகப் பின்னும்போது மார்க்கர் இருக்கும் இடமும் ஊசி மாறும் இடமும் ஒன்றாக இருந்தால், குற்றம் மார்க்கருடையது அல்ல, ஊசிச் சந்துடையது. சில சுற்றுக்கு ஒரு முறை இரண்டு கண்ணியை அடுத்த ஊசிக்குத் தள்ளிச் சந்தை இடம் மாற்றுங்கள்.

ஏற்கெனவே விழுந்த ஏணிக்கு மெல்லிய ஊசி நுனியால் அந்தக் குறுக்கு நூலின் தளர்ச்சியை இரண்டு பக்கமும் மூன்று நான்கு கண்ணிக்குப் பங்கிட்டுவிடுங்கள். மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்: உண்மையான கம்பளி என்றால் நனைத்து விரித்துக் காயவைத்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். அக்ரிலிக் அவ்வளவு சொன்னபேச்சு கேட்காது. அந்த ஏணியைப் பின்னும்போதே பிடிப்பது நல்லது.

## அறிகுறி: சுற்றுத் தொடக்க மார்க்கர் விழுந்துகொண்டே இருக்கிறது

தொப்பி உச்சியிலும் சாக்ஸிலும் கை நுனியிலும் வரும். காரணம் ஒன்றே ஒன்று. சுற்றின் தொடக்கம் ஊசியின் நுனியில் இருக்கிறது, நுனிக்கு அப்பால் வளையத்தைப் பிடித்துக்கொள்ளக் கண்ணி கிடையாது.

சுலபமான வழி, முந்தைய ஊசியின் கடைசிக் கண்ணியைத் தள்ளி, வளையம் இரண்டு கண்ணிக்கு நடுவில் வரும்படி செய்வது. அதைவிட நிம்மதியானது வளையத்தை விட்டுவிட்டுச் சுற்றின் முதல் கண்ணிக்குக் கீழே, துணியிலேயே, பூட்டு மார்க்கரை மாட்டுவது. ஊசியிலிருந்து விழ அது ஊசியில் இல்லை. மூன்று நான்கு விரற்கடை ஏறியதும் கழற்றி மேலே மாட்டுங்கள்.

ஏற்கெனவே விழுந்துவிட்டது, எங்கே இருந்தது என்று தெரியவில்லை என்றால், கண்ணி ஏற்றியபோது விட்ட நூல்வாலைத் தேடுங்கள். சுற்று அங்கேதான் தொடங்கியது. அங்கிருந்து கண்ணிகள் வி வடிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அந்த ஒரே பத்தியை விரலால் தொடர்ந்து ஊசி வரைக்கும் போனால் இடம் கிடைத்துவிடும். நூல்வாலை நறுக்கிவிட வேண்டாம் என்று சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

அதே பத்தியைத் தொடரும்போது மார்க்கர் இரண்டு மூன்று கண்ணி சாய்ந்து போயிருப்பது தெரிந்தால், இடையில் எங்கோ அதைத் தாண்டிக் குறைத்திருக்கிறீர்கள், அல்லது பையில் இருந்தபோது யார்ன் ஓவர் அடியில் நழுவியிருக்கிறது. வெறும் நிட் பின்னலில் மார்க்கரைத் திருப்பிப் போட்டால் போதும். கோடும் கட்டமும் போட்ட பின்னலில் கோலம் உடைந்திருக்கும். எத்தனை சுற்றுக்கு முன் உடைந்தது என்று கண்டுபிடித்து அதுவரை பிரிக்கத்தான் வேண்டும்.

## அறிகுறி: வளையம் ஊசியில் நகரவில்லை, அல்லது நூலை இழுக்கிறது

இது வாங்கும்போதே வரும் கோளாறு. மார்க்கர் பெட்டியில் "8" என்று ஊசி நம்பர் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறோம். நம் வீட்டில் பாட்டி வைத்துவிட்டுப் போன எட்டாம் நம்பர் ஊசி பழைய பிரிட்டிஷ் கணக்கு, 4 மி.மீ. இணையத்தில் வாங்கிய பெட்டியில் இருக்கும் 8 அமெரிக்கக் கணக்கு, 5 மி.மீ. பிரிட்டிஷ் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், பத்தாம் நம்பர் 3.25 மி.மீ. அமெரிக்க நம்பர் கூடக் கூட ஊசி தடிக்கும். நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். வளையத்தின் உள்வாய் ஊசியைவிட ஒன்றிரண்டு மி.மீ. பெரிதாக இருந்தால் போதும். ரொம்பப் பெரிதானால் கண்ணி மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும்.

சர்குலர் ஊசியில் வயரும் முனையும் சேரும் இடத்தில் மட்டும் சிக்கினால், வளையம் அந்த ஊசிக்குச் சின்னது. மெல்லிய வயரில் ஓடிவிடும், தடித்த முனையில் ஏறாது. வேறு பெரிய வளையம் போடுவதைத் தவிர வழியில்லை.

நூல் இழுபட்டால் வளையத்தைக் கன்னத்தில் உரசிப் பாருங்கள். விரல் தோலுக்குத் தெரியாத பிசிறு கன்னத்துக்குத் தெரியும். பிளாஸ்டிக் என்றால் நகம் தேய்க்கும் அரத்தால் இரண்டு தேய்ப்பு. கம்பி வளையத்தின் இரண்டு முனையும் சரியாக ஒட்டாமல் சந்து விட்டிருந்தால் தூக்கிப் போடுங்கள், அதைச் சரிசெய்து லாபமில்லை. ஊக்கு பயன்படுத்துகிறவர்களுக்கு இழுபடுவது அடிப்பகுதியில் இருக்கும் சுருளில்தான். சுரைக்காய் வடிவில், சுருள் இல்லாமல் ஒரு ஊக்கு வருகிறது, அதை வாங்குங்கள்.

## அறிகுறி: மார்க்கர் பின்னலுக்குள் மாட்டிக்கொண்டது

நகர்த்தும்போது வளையம் நுனியிலிருந்து கண்ணி மேல் சரிந்து, அதன் வழியாகவே அடுத்த கண்ணியை இழுத்திருப்பீர்கள். அதே வரிசையில் தெரிந்தால் அந்த ஒரு கண்ணியைப் பின்னோக்கிக் கழற்றினால் வந்துவிடும்.

பல வரிசை தாண்டியபின் தெரிந்தால் மார்க்கரின் வகையைப் பொறுத்தது. பூட்டு மார்க்கர் என்றால் திறந்து எடுங்கள். நூல் வளையம் என்றால் முடிச்சுக்குப் பக்கத்தில் நறுக்கி இழுங்கள். நறுக்குவதற்கு முன் அது மார்க்கர் நூலேதானா என்று இரண்டு முறை பாருங்கள். பின்னும் நூலும் மார்க்கர் நூலும் ஒரே நிறமாக இருக்கக் கூடாது என்று சொல்வது இந்த நறுக்கலுக்காகத்தான். பிளாஸ்டிக் வளையம் என்றால் நகவெட்டி. வளையத்தைத் துணியிலிருந்து விலக்கிப் பிடித்து, இரண்டு இடத்தில் வெட்டினால் தானாக உதிரும். ஒரே இடத்தில் வெட்டி இழுத்தால் வெட்டுவாய் நூலைக் கீறும்.

உலோக வளையத்துக்குக் கட்டிங் பிளேயர் எடுக்க வேண்டிவரும். எடுப்பதற்கு முன், வளையத்துக்கும் துணிக்கும் நடுவே ஸ்பூனின் காம்பையோ கெட்டி அட்டையையோ நுழைத்துக்கொள்ளுங்கள். கம்பி அதற்கும் அசையவில்லை என்றால் வெட்டாமலே ஒரு வழி உண்டு. அந்த வளையத்துக்கு நேர் மேலே இருக்கும் ஒரே ஒரு கண்ணியை ஊசியிலிருந்து நழுவவிட்டு, வளையம் வரைக்கும் இறக்குங்கள். கண்ணி அவிழ்ந்ததும் வளையம் கையோடு வரும். அப்புறம் குரோஷே ஊசியால் படிப்படியாக ஏற்றி ஊசியில் போடுங்கள். வரிசை எத்தனை ஆனாலும் இறங்குவது ஒரு பத்திதான்.

நூல் வளையத்தையே கண்ணி என்று நினைத்துப் பின்னிவிடுவதும் நடக்கும். எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கும். மேலே முளைத்த அந்தக் கண்ணியை நழுவவிட்டு, வளையத்தை நறுக்கி எடுத்து, மிஞ்சும் தளர்ச்சியைப் பரப்பிவிடுங்கள்.

வெட்டும்போது பின்னல் நூலே அறுந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். அறுந்த இரண்டு முனைக்கும் பக்கத்துக் கண்ணிகளில் பூட்டு மார்க்கர் மாட்டி, இழுக்காமல் மடித்து வையுங்கள். பின்னலைக் கண்ணிக்குக் கண்ணி ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டார்னிங் (கிழிசலை நூலோட்டி அடைப்பது) போடுகிறவர்கள் பெரும்பாலும் நெய்த துணிக்குப் பழகியவர்கள். பின்னலுக்குச் செய்வாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

## அறிகுறி: ஒரு கை நீளம், ஒரு கை குட்டை

வளைய மார்க்கர் இதற்கு உதவாது. எங்கே குறைத்தோம் என்பதை அது ஞாபகம் வைத்துக்கொள்ளாது, கூடவே ஏறி வந்துவிடும். கை பின்னும்போது கண்ணி குறைக்கும் ஒவ்வொரு வரிசையிலும், குறைத்த கண்ணியிலேயே ஒரு பூட்டு மார்க்கரை மாட்டி விட்டுவிடுங்கள். முதல் கையை முடித்தபின் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டாவதைப் பின்னினால் நோட்டே தேவையில்லை.

ஏற்கெனவே இரண்டும் முடிந்துவிட்டதா? இரண்டிலும் குறைப்பிலிருந்து குறைப்பு வரை வி-க்களை எண்ணுங்கள். இரண்டு பக்கமும் நிட்டாகவே ஓடும் கார்ட்டர் பின்னல் என்றால் ஒரு மேடு இரண்டு வரிசை. பத்து வரிசைக்கு ஒரு பூட்டு மார்க்கர் மாட்டிக்கொண்டே எண்ணினால் கண் வலிக்காது. பத்து செ.மீ.க்கு 28 வரிசை வரும் பின்னலில் இரண்டு வரிசை வித்தியாசம் என்பது சுமார் 7 மி.மீ. அதை நான் பிரிக்க மாட்டேன், உங்களையும் பிரிக்கச் சொல்ல மாட்டேன். விரற்கடைக்கு மேல் போனால் குட்டைக் கையின் பட்டியை மட்டும் பிரித்து நீட்டுங்கள்.

வரிசை சரியாக இருந்தும் நீளம் வேறு என்றால் மார்க்கருக்குச் சம்பந்தமில்லை. இரண்டாவது கையை டிவி பார்த்துக்கொண்டே பின்னியிருப்பீர்கள், கை தளர்ந்திருக்கும். நனைத்து இரண்டையும் ஒரே அளவுக்கு விரித்துக் காயவையுங்கள்.

## அறிகுறி: துருக்கறை

சாதாரண இரும்பு ஊக்கை மார்க்கராக மாட்டி, பின்னலைப் பையில் வைத்து மறந்துவிட்டால் வரும். ஊட்டி, குன்னூர் மழைக்காலத்தில் நனைக்கவே வேண்டாம், காற்றின் ஈரமே போதும். நனைத்துக் காயவைப்பதற்கு முன் எல்லா உலோக மார்க்கரையும் கழற்றிவிடுங்கள்.

கறை பட்டுவிட்டால் பிளீச்சிங் பவுடர், குளோரின் திரவம் எதையும் கிட்டே கொண்டுபோக வேண்டாம். துருவை அது போக்காது, கம்பளியைக் கெடுத்துவிடும். வெள்ளைப் பருத்தி நூல் என்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்துப் பார்க்கலாம். சாயம் போட்ட கம்பளி என்றால் தேய்க்காமல் டிரை கிளீனரிடம் கொடுங்கள். "துரு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் கறைக்குச் செய்வதையே செய்வார்.

## அறிகுறி: பின்னி முடித்தாயிற்று, ஒரு மார்க்கரைக் காணோம்

பெரியவர்கள் ஸ்வெட்டர் என்றால் எப்போதாவது கிடைக்கும் என்று விடலாம். குழந்தை ஸ்வெட்டர் என்றால் விடக் கூடாது. பூட்டு மார்க்கர் ஒரு வாய்க்குள் அடங்கும் அளவுதான்.

தொடங்கும்போதே எத்தனை எடுத்தோம் என்று எழுதிவைத்தால் தேட வேண்டியது எத்தனை என்று தெரியும். முதலில் சோபா இடுக்கு, நூல் பை. அங்கே இல்லையென்றால் ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலுக்கு நடுவே ஓரம் ஓரமாக நெருடிக்கொண்டு போங்கள்: அக்குள், கழுத்துப் பட்டி, பொத்தான் பட்டியின் உள்மடிப்பு. பெரும்பாலும் அக்குளில் இருக்கும், கைக் கண்ணிகளைத் தனியாக நிறுத்தி வைத்தபோது மாட்டியது. இரும்பு என்றால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணி மேல் ஓட்டினால் இழுக்கும். பித்தளைக்கும் பிளாஸ்டிக்குக்கும் விரல்தான். எண்ணிக்கை சரியாகும் வரை அந்த ஸ்வெட்டரைக் குழந்தைக்குப் போட வேண்டாம், பரிசாகவும் கொடுத்துவிட வேண்டாம்.